மனசு வெச்சா முடியுமா?

“நல்லாத்தான்டா இருக்கான். கை, கால் ஓடுது. பேசறான். கேட்டா பதில் சொல்றான். மனசு வெச்சான்னா நாளைக்கே கடையைத் திறக்கலாம். வெக்க மாட்டேங்கறான். அவ்வளவுதான்.”

என்னோடு பி.காம். படித்த நண்பன் தன் தம்பியைப் பற்றிச் சொன்னது இது. தம்பி எங்களுக்கு மூன்றடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் டம்ளரில் காபி. ஆடை படிந்து, ஆறி அவலாகிப் போன காபி.

உள்ளேயிருந்து அவன் மனைவி வந்தார். “காபியக் குடிங்க” என்றார். உடனே எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். பழையபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

“பார்த்தியா? சொன்னா செய்யறான். தானா செய்ய மாட்டான். எல்லாம் கொழுப்பு” என்றான் நண்பன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வரை இந்தத் தம்பி இப்படி இல்லை. செல்போன் கடை வைத்திருந்தான். காலை ஏழு மணிக்கெல்லாம் ஷட்டரைத் தூக்கிவிடுவான். போனுக்கு ஒரு கவர் வாங்கப் போனால் கூடவே ஒரு ஹெட்செட்டையும் தலையில் கட்டி அனுப்புகிற சாமர்த்தியம். ஒருநாள் ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வரும்போது, பெயின்ட் அடிக்காத ஒரு ஸ்பீடு பிரேக்கர் பைக்கைத் தூக்கிப் போட்டது. ஹெல்மெட் பெட்ரோல் டாங்க் மேல் இருந்தது. டாங்க்குக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மண்டைக்குள் ரத்தக்கட்டு, ஆபரேஷன், வென்டிலேட்டர் என்று எல்லாவற்றையும் தாண்டி ஆள் பிழைத்துக்கொண்டான். கடைசியாக எடுத்த ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். குடும்பமே கோயிலுக்குப் போய் மொட்டை போட்டது.

என் நண்பன் கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரி பில்லுக்காக மனைவியின் நகையை அடகு வைத்தவன். தம்பி வீட்டு வாடகையை இன்றைக்கும் அவன்தான் கட்டுகிறான். ஒன்றரை வருஷம் ஓர் ஆளைத் தள்ளித் தள்ளியே நடத்தினால் புத்தனுக்கும் கோபம் வரும். ஆகவே என் சண்டை அவனோடு இல்லை. அவன் சொன்ன அந்த ஒரு வரியோடு.

‘மனசு வெச்சா முடியும்.’

ஆட்டோ முதுகில் எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கிறது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மைக்கைப் பிடித்தால் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். சரி. மனசை எதை வைத்து வைப்பது? அதற்கும் ஓர் உறுப்பு வேண்டாமா? அந்த உறுப்பே அடிபட்டுக் கிடந்தால்?

இந்தக் கேள்விக்கான பதிலின் முதல் பகுதி, நம்மூர்ச் செடி ஒன்றில் ஆரம்பிக்கிறது.

சர்ப்பகந்தா. நாட்டு வைத்தியத்தில் காலங்காலமாக இருக்கும் மூலிகை. 1949ல் பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், இது ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952ல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள்.

1957ல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் என்கிற ஆராய்ச்சியாளர் அந்த ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். துள்ளித் திரிந்த முயல்கள் காது தொங்கி, போட்டது போட்டபடி கிடந்தன. உடம்பில் ஒரு எலும்பு முறியவில்லை. ஆனால் அசையவில்லை. பிறகு எல்-டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். இது மூளைக்குள் போனால் டோபமின் என்ற ரசாயனமாக மாறும். கொஞ்ச நேரத்தில் முயல்கள் எழுந்து, காதை நிமிர்த்திக்கொண்டு நடமாட ஆரம்பித்துவிட்டன. ரெசர்பின் மூளையின் டோபமின் கையிருப்பைக் காலி செய்திருந்தது. எல்-டோபா அதை நிரப்பியது. இந்த ஆராய்ச்சிக்காக கார்ல்சனுக்கு 2000ல் நோபல் பரிசு கிடைத்தது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு எல்-டோபா கொடுக்கும் வைத்தியம் இங்கிருந்து கிளம்பியதுதான்.

நான் கேட்பது ஒன்றுதான். கிடந்த முயலிடம் யாராவது போய் ‘உன்னால் முடியும் தம்பி’ என்று சொன்னார்களா? ‘கொழுப்பு’ என்று திட்டினார்களா? இரண்டுமே செய்திருந்தாலும் அது எழுந்திருக்குமா?

“டோபமின்தானே, தெரியுமே! ஜாலியா இருந்தா சுரக்குமே, அதானே?” என்பீர்கள். அதேதான் பிரச்னை. அரைகுறையாகத் தெரிந்துவைத்திருக்கிறோம். பிரியாணி சாப்பிட்டால் டோபமின், ரீல்ஸ் பார்த்தால் டோபமின், லைக் விழுந்தால் டோபமின். 2019 வாக்கில் அமெரிக்காவில் ‘டோபமின் விரதம்’ என்று ஒன்று ஃபேஷன் ஆயிற்று. போனைத் தொடாதே, டி.வி. பார்க்காதே, டோபமின் சுத்தமாகிவிடும் என்று நம்மவர்களும் ஆரம்பித்தார்கள். போனைக் கீழே வைப்பது நல்ல பழக்கம். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் டோபமின் என்ன மாம்பழமா, சீசன் முடியும்வரை சாப்பிடாமல் இருக்க? அது நிஜமாகவே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அந்த முயல்கள் சாட்சி.

இந்த ‘சந்தோஷ ரசாயனம்’ கதைக்கு ஒரு காரணம் உண்டு. 1954ல் கனடாவில் ஓல்ட்ஸ், மில்னர் என்று இருவர் எலியின் மூளையில் மெல்லிய கம்பியைச் சொருகி, ஒரு பொத்தானை அமுக்கினால் லேசாகக் கரண்ட் பாய்கிற மாதிரி செய்தார்கள். சில எலிகள் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தன. ஆகா, மூளையின் இன்ப மையத்தைக் கண்டுபிடித்தாயிற்று என்று எல்லோரும் எழுதினார்கள். பின்னால் அந்தப் பாதையில் டோபமின் ஓடுகிறது என்று தெரிந்ததும், அதற்கு ‘இன்ப ரசாயனம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்பவர் 1980களின் கடைசியில் இதைச் சோதித்துப் பார்த்தார். எலிகளின் மூளையில் டோபமின் ஏறக்குறைய முழுவதையும் அழித்தார்கள். அந்த எலிகள் சாப்பாட்டைக் கண்ணெதிரே வைத்தாலும் தொடவில்லை. குழாய் வழியாக ஊட்டாவிட்டால் செத்தே போயிருக்கும். இன்ப ரசாயனம் போய்விட்டது, ருசி தெரியவில்லை, அதனால் சாப்பிடவில்லை என்றுதானே நினைப்போம்? இல்லை. ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டால் மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சப்புக்கொட்டின. ருசி அப்படியே இருந்தது. போய் எடுத்துத் தின்ன வேண்டும் என்கிற அந்த உந்துதல்தான் இல்லை.

தமிழில் இதை இரண்டே வார்த்தையில் சொல்லிவிடலாம். ‘பிடிக்கும்’ வேறு, ‘வேணும்’ வேறு. டோபமின் முக்கியமாக ‘வேணும்’ டிபார்ட்மென்ட். என் நண்பனின் தம்பிக்கு காபி பிடிக்கும். வாயில் பட்டதும் மடமடவென்று குடித்தானே! ‘வேணும்’ என்பதுதான் அவனுக்குள்ளிருந்து எழும்பவில்லை.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். அதில் டோபமின் தயாரிக்கிறவை சில லட்சம்தான். பெரும்பாலும் மூளையின் நடுத்தண்டில், ஒரு சின்னப் பகுதியில் குவிந்திருக்கின்றன. அங்கிருந்து நீளநீளமான இழைகள் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை வரை போகின்றன. பைக்கிலிருந்து விழும்போது மண்டை தரையில் மோதி நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் மூளை நிற்பதில்லை. கிண்ணத்தில் உறைந்த தயிர் மாதிரி குலுங்கி, முறுக்கிக்கொள்கிறது. அந்தக் குலுக்கலில் இழைகள் இழுபட்டு நைந்துபோகின்றன. ரத்தக்கட்டு சி.டி. ஸ்கேனில் தெரியும். நைந்த இழைகள் பல சமயம் தெரியாது. ‘ஸ்கேன் நார்மல்’ என்றால் ஆபரேஷன் செய்ய ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஆள் நார்மல் என்று அர்த்தமில்லை.

பிரான்ஸில் டொமினிக் லாப்லான் என்கிற நரம்பியல் மருத்துவர் 1980களில் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் ஒருவர் குளவி கொட்டி, அந்த விஷத்தில் மூளை பாதிக்கப்பட்டவர். கை கால் விழவில்லை. புத்தி மழுங்கவில்லை, சோதித்தால் நன்றாகவே மார்க் வாங்கினார். ஆனால் விட்டால் நாள் முழுக்கச் சும்மா இருப்பார். என்ன யோசிக்கிறீர்கள் என்றால் ஒன்றுமில்லை என்பார். வருத்தமும் கிடையாது. யாராவது சொன்னால் மட்டும் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்வார். மூளையின் அடியாழத்தில், இந்த டோபமின் வந்து சேரும் வட்டாரத்தில்தான் அவர்களுக்குப் பழுது.

நம் பாஷையில் சொன்னால், செல்ஃப் ஸ்டார்ட்டர் போன வண்டி. பெட்ரோல் இருக்கிறது. இன்ஜின் இருக்கிறது. சக்கரம் ஓடும். பட்டனை எத்தனை அழுத்தினாலும் கிளம்பாது. கிக்கரை உதைத்தால் கிளம்பும். ‘சொன்னா செய்யறான், தானா செய்ய மாட்டேங்கறான்’ என்பதை என் நண்பன் கொழுப்புக்கு ஆதாரமாகச் சொன்னான். உண்மையில் அது ஒரு நோயின் அடையாளம். குற்றப்பத்திரிகை என்று நினைத்து மெடிக்கல் ரிப்போர்ட்டை வாசித்திருக்கிறான்.

எல்லாப் பழியையும் டோபமின் தலையிலேயே போடவும் கூடாது. மண்டையில் அடிபட்டவர் சும்மா உட்கார்ந்திருக்க வேறு காரணங்களும் உண்டு. மனச்சோர்வாக இருக்கலாம். அதில் உள்ளே வேதனை இருக்கும், அழுகை இருக்கும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டு ஹார்மோன் குறைந்திருக்கலாம். தூக்கம் கெட்டிருக்கலாம். வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை மந்தமாக்கியிருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்லத்தான் டாக்டர். ‘சோம்பேறி’ என்று நாம் முத்திரை குத்திவிட்டால் டாக்டரிடமே போக மாட்டோம். சோம்பேறித்தனத்துக்கு யார் ஓ.பி. சீட்டு வாங்குவார்கள்?

இந்த இடத்தில் எனக்கு எதிராக ஒரு பெயரைச் சொல்வார்கள் என்று தெரியும். வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966ல் வேலூரில் மறுவாழ்வு சிகிச்சைக்கென்றே ஒரு நிலையம் திறக்கப்பட்டபோது அதை நடத்தினார். 1972ல் பத்மஸ்ரீ. “அவங்களால முடிஞ்சுது, இவனால முடியாதா?”

முடியாது சார். மேரி வர்கீஸுக்குச் செயலிழந்தது கால். ‘வேணும்’ என்று சொல்கிற இடம் முழுசாக வேலை செய்தது. அவர் அசாதாரண மனுஷி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரைக் காட்டி இவனைத் திட்டுவது, கண் தெரிகிற நொண்டியைக் காட்டிக் கண் தெரியாதவரை ‘நீ ஏன் படிக்கலை’ என்று கேட்பது மாதிரி. அதோடு, அந்த அம்மா தன் நோயாளிகளிடம் ‘மனசு வை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. பயிற்சி தருவதற்கு ஒரு கட்டடமும் ஆட்களும் வேண்டும் என்று பாடுபட்டார்.

‘குணம்’ என்று நாம் சொல்வது எவ்வளவு தூரம் ரசாயனம் என்பதற்கு மறுபக்க உதாரணமும் இருக்கிறது. 2005ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் பதினொரு பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். டோபமின் போலவே வேலை செய்கிற ஒருவகை மாத்திரை சாப்பிட்ட பிறகு, அவர்கள் சூதாட்டப் பைத்தியம் ஆகிவிட்டார்கள். மாத்திரையைக் குறைத்தபோது அல்லது நிறுத்தியபோது பலருக்கு அந்தப் பைத்தியமும் விட்டுவிட்டது. குறைந்தால் ‘சோம்பேறி’, கூடினால் ‘சூதாடி’. இரண்டு பட்டமும் கொடுக்க நாம் தயாராக இருக்கிறோம். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் மட்டும் யாரையும் ‘இனிப்பான ஆள்’ என்று சொல்வதில்லை.

சரி, மருந்து இருக்கிறதா? ஓரளவு. அமான்டடின் என்று ஒரு பழைய மாத்திரை. முதலில் ஃப்ளூ காய்ச்சலுக்கு வந்தது. அதைச் சாப்பிட்ட ஒரு பார்க்கின்சன் நோயாளிக்கு நடுக்கமும் விறைப்பும் குறையவே, டோபமின் விவகாரத்தில் இதற்குக் கை இருக்கிறது என்று 1969ல் தெரிந்தது. மண்டையில் பலத்த அடிபட்டு நினைவு சரியாகத் திரும்பாத 184 பேரிடம் இதைச் சோதித்த ஆய்வு 2012ல் வெளிவந்தது. நான்கு வாரம் மருந்து சாப்பிட்டவர்கள், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். மருந்தை நிறுத்தியதும் வேகம் குறைந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். ஆக, இது சஞ்சீவி மலை இல்லை. நன்றாக நினைவு திரும்பி, சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பதில் இன்னும் உறுதியான பதில் இல்லை. தயவுசெய்து இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடாதீர்கள். வலிப்பும் குழப்பமும் வரக்கூடிய மருந்து. டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது.

மருந்தைவிட முக்கியம், கிக்கர். ‘சாயங்காலம் கொஞ்சம் வாக்கிங் போயேன்’ என்பது பட்டனை அழுத்துவது. கிளம்பாது. ‘எழுந்திரு. செருப்பைப் போடு. வா, தெருமுனை வரைக்கும்’ என்பது கிக்கர். தினமும் அதே நேரம், அதே வரிசை. அடுத்த வேலையை ஞாபகப்படுத்த போனில் அலாரம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. முடித்ததும் உடனே ஒரு நல்ல வார்த்தை. இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் மறுவாழ்வு சிகிச்சை என்று ஒரு துறையே இருக்கிறது.

அது எத்தனை குடும்பத்துக்கு எட்டுகிறது? வாங்க, கணக்குப் பார்க்கலாம். நான் படித்ததே அதுதான்.

2022ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. நூற்றுக்கு 44 பேர் டூவீலரில் போனவர்கள். இறந்தவர்களை எண்ணியாயிற்று. மண்டையில் அடிபட்டுப் பிழைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கில் பத்தி கிடையாது.

2021 டிசம்பரில் தமிழக அரசு ஆரம்பித்த ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டம் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்ச ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை என்றது. இரண்டும் நல்ல திட்டங்கள். நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மூளைக்காயம் தேற மாதங்கள் ஆகும், வருஷங்கள் ஆகும். ஏழு நாளில் உயிரைக் காப்பாற்றி, எட்டாம் நாளிலிருந்து மனசு வெச்சு எழுந்துக்கோ என்றால் என்ன நியாயம்? லட்சக்கணக்கில் கொட்டி இன்ஜினைச் சரி செய்கிறோம். கிக்கர் வாங்க நூறு ரூபாய் ஒதுக்க மாட்டேன் என்கிறோம். எந்த ஆடிட்டரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன் நோய் அதில் இருக்கிறது. விபத்தினால் வரும் மூளைக்காயத்துக்குத் தனிப் பெயர் இல்லை. விபத்து நஷ்டஈட்டு வழக்குகளிலும், கால் போனால் இத்தனை சதவீதம், கை போனால் இத்தனை சதவீதம் என்று சான்றிதழ் எழுதுவது சுலபம். ‘வேணும்’ போனால் எத்தனை சதவீதம்? 2010ல் ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: உடல் ஊனத்தின் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பின் சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்த ஆள் என்ன தொழில் செய்தார், இனி அதைச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். கை கால் எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு கடைக்காரனுக்கு, தானாக ஷட்டரைத் தூக்கத் தோன்றாவிட்டால் வருமான இழப்பு எவ்வளவு? பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அதை வழக்கில் எடுத்து வைக்கத்தான் குடும்பத்துக்குத் தெரிவதில்லை. தம்பி ‘நல்லாத்தான் இருக்கான்’ என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. மண்டை அடிபட்டவரை டிஸ்சார்ஜ் பண்ணும்போது, குடும்பத்தை அரை மணி நேரம் உட்காரவைத்து, ‘இனி இவர் குணம் மாறலாம், தானாக எதையும் செய்யத் தோன்றாமல் போகலாம், அது காயத்தின் பகுதி’ என்று சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துத் தையலைப் பார்க்க வரச் சொல்லும்போது நடத்தையையும் பாருங்கள். மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிகளிலாவது இதற்குப் பயிற்சி பெற்ற ஓர் ஆளைப் போடுங்கள். நாம் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். அந்த ‘மனசு வெச்சா’வை, அடிபட்ட மூளைகளிடம் மட்டுமாவது சொல்லாமல் இருப்போம்.

இதையெல்லாம் நண்பனிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்போ இவன் நடிக்கலையாடா?” என்றான். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “நான் போன மாசம் இவனை அடிச்சுட்டேன்டா.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நரம்பியல் ஓ.பி. என்றைக்கு என்று விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

என்னை பஸ் ஸ்டாண்டில் விடுவதற்காக நண்பன் பைக்கை எடுத்தான். ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது. தம்பிக்கு நடந்ததைப் பார்த்தவன். கடன் கட்டிக்கொண்டிருப்பவன். மண்டையில் ஒரு கீறல்கூட இல்லாதவன்.

“மாட்டுடா” என்றேன். மாட்டிக்கொண்டான்.

சொன்னால்தான் செய்கிறான். தானாகச் செய்வதில்லை. இவனுக்கு என்ன கேடு?